உடம்புக்கு என்ன சார்?

அத்தியாயம் 5

மேனேஜர் தன் வயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது. அண்ணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நோட்டில் ‘புதன்கிழமை, வயிறு’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். துப்பறியும் தொழிலுக்கு வந்த இந்த மூன்று வருடத்தில் நான் எழுதியதிலேயே கௌரவம் குறைந்த குறிப்பு இதுதான்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, எரியாத கடை எரிந்ததாகவும் உடையாத கால் உடைந்ததாகவும் வந்த விண்ணப்பங்களைப் பிடித்துக் கொடுத்தவர். பிறகு சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். நாலாவது வேலையையும் விட்டுவிட்டு வீட்டுச் சோபாவில் கிடந்த என்னை, சோபாவையாவது காப்பாற்றுவோம் என்று அண்ணன் அவரிடம் தள்ளிவிட்டான். கார் ஓட்டுவது, நோட்டில் எழுதுவது, வாயை அடக்குவது என்று எனக்கு மூன்று வேலை. மூன்றாவதில் இன்னும் தேர்ச்சி இல்லை.

வழக்கு இப்படி. ஐந்தாவது மாடியில் இருந்த அந்தக் கம்பெனி ஓர் இயங்குதளம் தயாரித்தது. ஆஸ்பத்திரிக் கருவி முதல் லிஃப்ட் வரைக்கும் அதுதான் உள்ளே உட்கார்ந்து ஓடியது. அதன் நடுவில் கெர்னல் என்று ஒரு பகுதி. வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கும் ஆள் மாதிரி, யார் எந்த அறைக்குள் போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். அந்தக் கெர்னலில் ஓர் ஓட்டை இருப்பதைச் சோதனைப் பிரிவில் ஒரு பெண் கண்டுபிடித்தாள். எந்த நிரலையும் உடையும்வரை விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் குடைச்சல். இந்த ஓட்டைக்கு ஆறு மாதம் குடைந்திருக்கிறாள்.

அதை அடைக்கும் திருத்தத்தைச் செவ்வாய்க்கிழமை எழுதிப் போட்டார்கள். அவர்களுடைய கெர்னலில் எந்த வரி மாறினாலும், உலகமே படிக்கக்கூடிய ஒரு பட்டியலில் அது ஒரு குறிப்போடு ஏறிவிடும். அது அங்கே வழக்கம். தினமும் இருநூறு மாற்றம் ஏறும் பட்டியலில் இதை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தைரியமாக இருந்தார்கள். வாடிக்கையாளரின் கருவிகளுக்குத் திருத்தம் போய்ச் சேர்வது அடுத்த திங்கள். அதுவரை அது ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தம் என்ற ரகசியம் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். கண்டுபிடித்த குடைச்சல், திருத்தத்தை எழுதிய மூத்த பொறியாளர், மேனேஜர்.

புதன்கிழமையே வெளியாள் ஒருவன் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்துவிட்டான்.

வந்த இடம் வரவேற்பறையில் இருந்த, திருத்தம் இன்னும் போய்ச் சேராத ஒரு கணினி. ‘முடிந்தால் நுழைந்து பாருங்கள்’ என்று கம்பெனியே வீம்புக்குத் திறந்து வைத்திருந்தது. இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் விருந்தாளியாக அதன் முன்னறை வரை வரலாம். உள்ளறைக்குக் கெர்னல் பூட்டு. நாலு வருடமாக யாரும் அசைக்காத பூட்டு. புதனன்று உள்ளே புகுந்த விருந்தாளி எதையும் திருடவில்லை. திரை முழுக்க ஒரே ஒரு வரியை எழுதிவிட்டுப் போயிருந்தான்.

‘உடம்புக்கு என்ன சார்?’

அதைப் பார்த்ததும் மேனேஜருக்கு வயிற்றைக் கலக்கியது என்று எழுதலாம். ஆனால் அன்றைக்கு அது ஏற்கெனவே கலங்கித்தான் இருந்தது. புதன்கிழமை தன் வயிறு கெட்ட செய்தியை அலுவலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னதாக அவர் சாதித்தார். கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் குடைச்சலிடம். ஆகவே விருந்தாளிக்குத் துப்புக் கொடுத்தவள் அவள்தான் என்பது அவர் கணக்கு. செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் நின்று நாற்பது நிமிடம் போன் பேசியிருக்கிறாள், யாரிடம் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள்.

“அவளுக்குக் கோபமும் இருந்துச்சு” என்றார் மேனேஜர். “ஓட்டையைக் கண்டுபிடிச்சவங்க பேரைக் குறிப்போட கடைசில போடுவோம். இந்தத் தடவை ரகசியம்னு போடல.”

ஓட்டையைப் புதன்கிழமையே அவசரமாக எல்லாக் கருவிகளிலும் அடைத்துவிட்டார்கள். அதில் இனி ஆபத்து இல்லை. யார் வாயைத் திறந்தது என்பதுதான் மிச்சம். சாயங்காலம் நாலு மணிக்கு இயக்குநர் வெளியூரிலிருந்து திரையில் வருவார். அதற்குள் அண்ணி அறிக்கையில் கையெழுத்துப் போட்டால், குடைச்சல் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இந்தத் தொழிலில் ரகசியத்தை விற்றவள் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் வேறு எந்தக் கம்பெனியும் வாசலில்கூட உட்கார வைக்காது. பதினோரு வருட உழைப்பு ஒரே மாலையில் போய்விடும்.

அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?”

“எது மேடம்?”

“வயிறு.”

காலையில் நன்றாகத்தான் வந்ததாகவும், பத்து மணிக்கு மேல் மெஷினில் இருந்து ஒரு சாண்ட்விச் எடுத்துச் சாப்பிட்டதாகவும், அதன்பிறகுதான் விதி விளையாடியதாகவும் அவர் சொன்னார். கீழே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினாராம். நாங்கள் கீழே இறங்கினோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு துப்பு. அது மேனேஜரின் வயிறு.

மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டால், அந்த வயிறு ரகசியமே இல்லை. முதல் தடவை நடந்து வந்தாராம். இரண்டாவது தடவை வரிசையில் நின்ற ஏழு பேரிடமும் காரணத்தை விளக்கிச் சொல்லி, முன்னால் விடச் சொன்னாராம். மூன்றாவது தடவை வரவில்லை, போனில் சொல்லி மேலே அனுப்பச் சொன்னாராம்.

“அண்ணி, இந்தக் கட்டடத்துல இந்த வயிறு தெரியாம இருந்தது நாம ரெண்டு பேரும்தான்” என்றேன். “இப்ப நமக்கும் தெரிஞ்சுபோச்சு.”

“முதல் பில்லுல மணி என்ன?” என்று அண்ணி கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் நகலைக் காட்டினார். பத்து முப்பத்தைந்து. அண்ணி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வரவேற்பறைத் திரையை அன்று யாரோ படம் பிடித்து அச்செடுத்தது. எல்லோரும் அந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்ததில் அது எழுதப்பட்ட நேரம் மூலையில் இருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒன்பது பத்து.

“சாண்ட்விச்சைத் தொடறதுக்கு முன்னாடியே ஒருத்தன் நலம் விசாரிச்சிருக்கான்” என்றார் அண்ணி.

“இவ்வளவு அக்கறையை நான் சொந்தக்காரங்ககிட்டகூடப் பாத்ததில்ல.”

அண்ணி சிரிக்கவில்லை. அப்படியானால் அந்தக் கேள்வி மேனேஜரைக் கேட்டதே இல்லை, வேறு எந்த சாரை என்று பார்க்க வேண்டும் என்றார். மேலே ஏறும்போது, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்த குடைச்சலுக்குப் போன் போட்டு, நாற்பது நிமிடம் யாரிடம் பேசினாள் என்று கேட்டார். ஒலிபெருக்கியில் அவள் குரல் களைத்துப்போய் வந்தது.

“என் நாத்தனார்கிட்ட, மேடம். ஹாலுக்கு என்ன நிறத்துல திரைச்சீலைன்னு சண்டை. அதையெல்லாம் மேனேஜருக்கு எழுதித் தரணுமா?”

வேண்டாம் என்று சொல்லி அண்ணி போனை வைத்தார். “நல்ல நாத்தனார். நாற்பதே நிமிஷத்துல சண்டையை முடிச்சிருக்காங்க” என்றார். என் அக்காவை மனதில் வைத்துத்தான் சொன்னார் என்று தெரியும். நான் மாடிப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

அந்த அலுவலகத்தில் மேனேஜரைத் தவிர சார் என்று கூப்பிடப்படும் ஆள் இன்னும் ஒருவர்தான். திருத்தத்தை எழுதிய மூத்த பொறியாளர். அவருக்கு முழநீளம் என்று பெயர் வைத்திருந்தார்கள். காரணம் கேட்க நினைத்தேன், அவர் பேச ஆரம்பித்ததும் அவசியமில்லாமல் போயிற்று. உடம்பு எப்படி என்று கேட்டதற்கு, ஒன்பது வருடமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததையும், எட்டாவது வருடம் எடுக்க நினைத்து ஏன் எடுக்கவில்லை என்பதையும் வரிசையாகச் சொன்னார். தும்மல்கூடக் கிடையாதாம். துப்பு அங்கே செத்துப்போனது.

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கேட்டவனுக்கே இப்படி. தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனோம், முழநீளமும் பேசிக்கொண்டே கூட வந்தார். அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. சுவரில் எந்தக் காகிதம் ஒட்டியிருந்தாலும் கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் நகர்வார். தண்ணீர் வடிகட்டிக்கு மேலே இரண்டு பக்கத்துக்கு ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

‘குழாய் மாற்றம். பழைய குழாயைப் பாதி திருப்பினாலே மூடியதுபோலத் தெரியும். ஆனால் சொட்டும். சொட்டினால் கீழ்த்தட்டு இரண்டு மணி நேரத்தில் நிரம்பும். நிரம்பினால் தரை வழுக்கும். சென்ற மாதம் ஒருவர் வழுக்கினார்.’ இப்படிப் போய், புதுக் குழாயை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், வேறு எந்த இரண்டு குழாயை ஏன் ஒதுக்கினார்கள் என்றெல்லாம் சொல்லி, கடைசி வரியில் முடிந்தது. ‘கண்டுபிடித்தவர்: கணக்குப் பிரிவில் வழுக்கியவர்.’

“இது யார் எழுதினது?” என்று அண்ணி கேட்டார்.

முழநீளம் கொஞ்சம் கூச்சத்தோடு கையைத் தூக்கினார். “காரணம் எழுதாம விட்டா, நாளைக்கு ஒருத்தர் பழைய குழாயையே திரும்ப மாட்டிடுவார் மேடம்.”

“பட்டியல்லயும் இப்படித்தான் எழுதுவீங்களா?”

அதில் இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதுவேன் என்றார். தன் மேசைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பதினாறு வருடக் குறிப்புகள். ஓரிடத்தில் ஒரு வெற்று வரியை நீக்கியதற்கு நாலு பத்தி. அண்ணி பொறுமையாகப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக் குறிப்பைத் திறக்கச் சொன்னார். முழநீளம் தயங்கினார். பிறகு திறந்தார்.

‘நினைவகம்: சிறு திருத்தம்.’

கீழே ஒன்றும் இல்லை. காரணம் இல்லை, விளக்கம் இல்லை, கண்டுபிடித்தவர் இல்லை. மூன்றே சொல்.

அண்ணி அந்தத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அண்ணி சிரிப்பது வருடத்துக்கு இரண்டு தடவை. முழநீளம் பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“பதினாறு வருஷமா நீங்க எழுதறதை எவனோ ஒருத்தன் விடாம படிக்கிறான் சார்” என்றார் அண்ணி. “வெற்று வரிக்கு நாலு பத்தி எழுதற மனுஷன் திடீர்னு மூணு வார்த்தையோட நிறுத்திட்டார். ஒண்ணு உடம்பு சரியில்ல, இல்லன்னா எதையோ மறைக்கிறார். என்னதான் மாத்தினார்னு திறந்து பாத்திருக்கான். ஓட்டை கண்ணுல பட்டுடுச்சு. உள்ளே போய், உங்க உடம்பைத்தான் விசாரிச்சிருக்கான்.”

முழநீளம் தன் மூன்று சொல்லையே வெறித்துப் பார்த்தார். இது என் வழக்கமே இல்லை மேடம் என்று முனகினார். பாவம், ஏதோ வெட்கக்கேடான இடத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல இருந்தார்.

மேனேஜரிடம் சொன்னோம். கதை நன்றாக இருக்கிறது என்றார். நிரூபிக்க முடியுமா என்றார். அதுவரை குடைச்சல்தான் குற்றவாளி என்றும், நாலு மணி என்றால் நாலு மணிதான் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அந்த நிமிடத்தில்தான்.

அண்ணி ஒரு பொறி வைத்தார். ரகசியமே இல்லாத ஓரிடத்தில் அதே மாதிரி மூன்று சொல்லைப் போடுவது. அங்கே வெளியே சொல்வதற்கு யாரிடமும் ஒன்றுமே இருக்காது. அப்படியும் விருந்தாளி ஓடிவந்து அந்த இடத்தைத் தட்டினால், அவனுக்கு யாரும் சொல்லவில்லை, குறிப்பின் நீளம்தான் சொன்னது என்று ஆகிவிடும். கெர்னலில் பழைய ஃப்ளாப்பி டிரைவுக்கு என்று ஒரு மூலை இருந்தது. எட்டு வருடமாக ஒருத்தரும் எட்டிப் பார்க்காத மூலை. அங்கே ஒரு வெற்று வரியை நீக்குவது என்று முடிவாயிற்று.

வரியை நீக்க முழநீளத்துக்கு ஒரு விநாடி. குறிப்பு எழுத இருபது நிமிடம். ‘ஃப்ளாப்பி: சிறு திருத்தம்’ என்று அடித்துவிட்டு விரல் துடித்தது.

“ஏன் நீக்கினேன்னு ஒரே ஒரு வரி போட்டுக்கட்டுமா?”

“கூடாது” என்றார் அண்ணி.

“அடைப்புக்குறிக்குள்ள?”

நான் விசைப்பலகையை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பன்னிரண்டு இருபதுக்குக் குறிப்பு பட்டியலில் ஏறியது.

வரவேற்பறைக் கணினியின் திரை ஓரத்தில், யார் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கும். நானும் அண்ணியும் அதன் எதிரே உட்கார்ந்தோம். ஒரு மணி. இரண்டு மணி. யார் யாரோ எங்கெங்கோ தட்டினார்கள். ஃப்ளாப்பி பக்கம் ஒரு ஈ, காக்கை இல்லை. மூன்று மணிக்கு மேல் அண்ணி கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

“தம்பி, நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேனோ” என்று மெதுவாகச் சொன்னார். இதுவரை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

மூன்றரைக்குக் குடைச்சல் வந்தாள். நாற்பது வயது இருக்கும். அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே எங்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொறியைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அண்ணி அறிக்கையைப் பற்றிப் பேச உள்ளே போனார். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு பழைய பத்திரிகையை எடுத்துப் புரட்டினேன்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு அவள் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தாள்.

“யாரோ ஃப்ளாப்பியைத் தட்டறாங்க.”

பத்திரிகை என் கையிலிருந்து விழுந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“அந்தப் பக்கம் சோதனை பண்ணிப் பல வருஷம் ஆச்சு, சார். உள்ளே யாருக்காவது உடனே சொல்லணும்.”

“இன்னும் கால் மணி நேரத்துல உங்களை அனுப்பப்போறாங்களே” என்றேன்.

“அதுக்காக?” என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினாள். இவளா ரகசியத்தை விற்றாள் என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது.

பத்து நிமிடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை தட்டினான் அந்த விருந்தாளி. கதவு எதுவும் திறக்கவில்லை, திறப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. கடைசியில் முன்னறையில் விருந்தாளிகள் எழுதும் பக்கத்தில் எழுதினான். ‘சார், மத்தியானத்திலிருந்து படித்துப் படித்துப் பார்க்கிறேன். நிஜமாகவே ஒன்றும் இல்லையா? தயவுசெய்து பழையபடி எழுதுங்கள். பயமாக இருக்கிறது.’ முழநீளம் அதை மூன்று தடவை படித்தார். தன்னை ஒருத்தராவது படிக்கிறார் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு இயக்குநர் அம்மாள் திரையில் வந்தார். அண்ணி சுற்றி வளைக்காமல் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். யாரும் வாயைத் திறக்கவில்லை, நீளமாக எழுதுகிற கை திடீரென்று சுருங்கியதுதான் தகவல் என்றார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்.

“அந்த மூணு வார்த்தை யாரோட யோசனை?”

முழநீளம் தன் செருப்பைப் பார்த்தார். குடைச்சல் முழநீளத்தைப் பார்த்தாள். மேனேஜர் கூரையைப் பார்த்தார். அங்கே விளக்கு ஒன்றுதான் இருந்தது.

“நான் கேக்கறேன்” என்றார் இயக்குநர்.

சின்னதாக எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்து, மூன்று சொல்லுக்கு மேல் ஒரு எழுத்துகூட வேண்டாம், யார் பெயரும் வேண்டாம் என்று தான்தான் உத்தரவு போட்டதாக மேனேஜர் மென்று விழுங்கினார். காலையிலிருந்து நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஆள், எங்களை வேலைக்கு வைத்த ஆள்தான்.

குடைச்சல் மேல் எந்தக் குற்றமும் இல்லை, இந்த நிமிடமே வேலையில் சேரலாம் என்றார் இயக்குநர். மேனேஜருக்கு உயிர் வந்தது. “நடந்தது நடந்துபோச்சும்மா. போய் வேலையைப் பாருங்க” என்றார் அவளிடம், ஏதோ அவள்தான் தாமதமாக வந்துவிட்ட மாதிரி.

அவள் அசையவில்லை.

“இங்க ஒரு வெற்று வரி போனாலும் குறிப்பு எழுதறோம் சார். நேத்து நான் திருடி. இன்னிக்கு இல்ல. இந்த மாற்றத்துக்கும் குறிப்பு வேணும். அதே பட்டியல்ல.”

உள்ளேயே ஒரு சுற்றறிக்கையாகப் போட்டால் போதாதா என்று மேனேஜர் கேட்டார். இயக்குநர் பேனாவால் மேசையைத் தட்டினார். மேனேஜர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

அங்கே எழுதுகிறவரே ஏற்றிவிட முடியாது. இன்னொருவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஏறும். சரிபார்த்தவர் முழநீளம். ‘சில தவறான புரிதல்கள் ஏற்பட்டன’ என்று வந்த முதல் குறிப்பை, யாருக்கு ஏற்பட்டன என்று இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ‘நாம் எல்லோரும் ஒரு பாடம் கற்றோம்’ என்று வந்ததை, எல்லோரும் அல்ல, ஒருவர் என்று திருப்பினார். மூன்றாவதில் மேனேஜரின் வயிறு அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. ‘சம்பந்தமில்லாத மாற்றம். தனியாக அனுப்பவும்’ என்று திரும்பிப் போயிற்று. அலுவலகம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, ஐந்தரை மணிக்கு நாலாவதை அனுப்பினார்.

‘குறிப்பை மூன்று சொல்லில் எழுதச் சொன்னது நான். ஓட்டை வெளியே தெரிந்தது அதனால்தான். யாரும் எதையும் சொல்லவில்லை. சொன்னதாக நான் பழி போட்டது தவறு. ஓட்டையைக் கண்டுபிடித்தவர்:’ என்று போட்டு, பக்கத்தில் அவளுடைய முழுப் பெயர், இனிஷியலோடு.

முழநீளம் அதில் கை வைக்கவில்லை. எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே ஏத்துங்கம்மா.”

அவள் உட்கார்ந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு பிழைகூட விட்டுவிடக் கூடாது என்பதுபோல் நிதானமாகப் படித்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். பட்டியலில் தன் பெயர் ஏறியதைப் பார்த்ததும் அவள் அழுதுவிட்டாள், நாங்கள் யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.